மாமா கழற்றச் சொன்ன ஒயர்

என் மாமா பெரிய புத்திசாலி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். ஒன்பது வயதில் வேறென்ன செய்வது?

அவரிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. எங்கள் ஊரில் அதைப் பிளசர் என்பார்கள். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஓடுவதும் நிற்பதும் அதன் இஷ்டம். அத்தையை முதல் பிரசவத்துக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அதில்தான் அழைத்துப் போனார்கள். எல்லாம் சரி செய்துவிட்டேன் என்று முந்தின வாரம்தான் ஒரு மெக்கானிக் வண்டியை அனுப்பியிருந்தான். திருமுக்கூடல் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

அத்தை மறுபடி உண்டானதும், நம்பகமான மெக்கானிக் ஒருவனைக் கண்டுபிடித்தே தீருவது என்று மாமா கிளம்பினார். அதுவரை அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதற்கு அவர் போட்ட திட்டம்தான் கேவலம்.

இஞ்சினில் நான்கு பிளக் ஒயர் உண்டு. ஒன்றைக் கழற்றிவிட்டால் வண்டி நிற்காது. குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல் உதறிக்கொண்டே ஓடும். ஒயரை அழுத்தி மாட்டினால் தீர்ந்தது. அரை நிமிட வேலை. வண்டியை இப்படியே கொண்டுபோய்க் காட்டுவது, எவன் உண்மையைச் சொல்கிறானோ அவனே யோக்கியன். மாமா வெள்ளைச் சட்டையில் இருந்ததால் ஒயரைப் பிடித்து இழுத்தது நான். யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும். அதையும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அன்று காலை முழுவதும் எனக்குத் திருவிழாதான். முன்சீட்டில் நான். கார் உதற உதற என் பல்லும் கிடுகிடுத்தது. முதலில் காஞ்சிபுரத்தில் பெரிய போர்டு வைத்த ஒரு ஷெட். அங்கே இருந்தவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இஞ்சினை இறக்க வேண்டும் என்றார். மாமா முகம் மாறாமல், "யோசிச்சிட்டு வரேன் சார்" என்றார். திரும்பி உத்திரமேரூர் வந்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இன்னொருவர். கார்புரேட்டரே போய்விட்டது, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். அவருக்கும் ஒரு "சார்". வெளியே வந்ததும் மாமாவும் நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எனக்குப் பன்னீர் சோடாவும் காராசேவும் வாங்கிக் கொடுத்தார். அந்தச் சோடாவின் வாசனை இன்னும் நினைவிருக்கிறது.

மூன்றாவது ஆள் எங்கள் ஊர்க்காரர். காலனியில் இருந்தவர். சாலையோரம் ஒரு புங்கமரத்தடியில் டிராக்டரும் பம்புசெட் இஞ்சினும் பழுது பார்ப்பார். மாமாவைவிடப் பத்து வயது பெரியவர். "இன்னாடா, வண்டி உதறிக்கினே வருது, பாரு" என்றார் மாமா.

அவர் பானட்டைத் திறந்தார். கட்டைவிரலால் ஒரு அழுத்து. உதறல் நின்றது.

"ஒயரு கழண்டுகீது. வேற ஒண்ணும் இல்ல" என்றவர், என் பக்கம் திரும்பினார். "இது தானா கழலாதே பாப்பா. யாரனா தொட்டாங்களா?"

தெரியாது என்று தலையாட்டினேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மாமா சிரித்துக்கொண்டே பரீட்சை விவரம் முழுவதையும் சொன்னார். நீ பாஸ், இனிமேல் நீதான் நம் வண்டிக்கு என்றார். மெக்கானிக் சிரிக்கவில்லை. துணியில் கையைத் துடைத்தார்.

"வண்டிக்கு இன்னானு கேட்டுக்கினு வாங்க, சொல்றேன். நான் யோக்கியனா இல்லியானு பாக்க வராதீங்க."

வழியெல்லாம் மாமா அவன் திமிரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

டாக்டர் சொன்ன நாளும் தாண்டி, ஒரு மத்தியானம் அத்தைக்கு வலி வந்தது. பின்சீட்டில் ஏற்றி உட்கார வைத்தாயிற்று. சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. நான்கு ஒயரையும் மாமா அழுத்தி அழுத்திப் பார்த்தார். அன்றைக்கும் வெள்ளைச் சட்டைதான், முழுக்கக் கறை. அத்தை சீட்டைப் பிய்த்துவிடுவதுபோல் பிடித்திருந்தார். அந்தப் புங்கமரத்தடி மெக்கானிக் முன்னால் போய் நிற்க மாமாவுக்கு முகம் இல்லை. என்னைச் சைக்கிளில் விரட்டினார்.

அவர் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டு அப்படியே கிடந்தார்.

"நெசமாவே ரிப்பேரா, இல்ல உங்க மாமா இன்னொரு ஒயரப் புடுங்கிகிறாரா?"

"நெசமா. அத்தைக்கு வலி வந்துட்ச்சி" என்றேன். அவர் எதற்கு நம்ப வேண்டும்? ஒரு முறை பொய் சொன்னவள் நான். அழுதுகொண்டே, "அன்னைக்கு ஒயரப் புடுங்குனதும் நாந்தான்" என்றேன்.

"தெரியும். உன் வெரல்ல கரி இருந்துச்சே" என்று வெளியே வந்தார். பையை எடுத்து என்னிடம் கொடுத்து, என்னைக் கேரியரில் உட்கார வைத்து அவரே மிதித்தார்.

ஏதோ ஒரு மூடியைக் கழற்றி, உள்ளே பாயிண்ட் என்று அவர் சொன்ன சின்னத் தகட்டை உப்புத்தாளால் தேய்த்தார். கார் கிளம்பியது. யாரும் கேட்காமலே முன்கதவைத் திறந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழியில் நின்றால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார். மாமா வண்டியை எடுத்தார். பாலம் தாண்டியது. அன்று பிறந்தவள் ஏனாத்தூர் காலேஜில் படித்து முடித்து, இன்று அவளே கார் ஓட்டுகிறாள்.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். நாங்கள் சைக்கிளில் வந்து இறங்கியபோது கார் கேட்டுக்கு உள்ளே முற்றத்தில் நின்றது. அவர் வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. மாமாவும் பக்கத்து வீட்டு ஆண்களும், வலியில் இருந்த அத்தையோடு சேர்த்துக் காரைத் தெருவுக்குத் தள்ளினார்கள். காலனிக்காரர் ஒருவர் அந்தக் கேட்டுக்குள் வந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்க்கிறார்கள் என்று நினைத்து நானும் ஓடிப்போய்க் கை கொடுத்தேன்.

கேட்டைத் தாண்டியதும் எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். நான் மட்டும் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.