காய்ந்த மாப்பிள்ளையும் கோபக்கார வாயுவும்

மூன்று அக்காக்களுக்குப் பிறகு பிறந்த ஒரே தம்பி அவர். பெண் எடுத்த வீட்டில் அவருக்கு வைத்த பெயர் காய்ந்த மாப்பிள்ளை. ஆள் ஒல்லி என்பதால் அல்ல, ஈரம் என்றாலே ஆகாது என்பதால். குளித்துவிட்டு வந்தால் காதுமடல் வரை துடைப்பார். கழுவிய டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மனைவி ஈரக்காலோடு கூடத்துக்கு வந்தால் போதும், "அங்கயே நில்லு!" என்று துணியோடு ஓடுவார்.

"என்னையும் கொடியில போட்டுக் காய வெச்சிடுங்களேன்" என்பாள் அவள்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பார்த்த வேலை அப்படி. உலோகத் தகட்டில் மயிரிழை போன்ற கோடுகளை அரித்தெடுக்கும் தொழிற்சாலை. அங்கே வாயு உருளைகளை மாற்றிப் பூட்டுவது அவர் பொறுப்பு. அதில் ஒன்றுதான் போரான் டிரைகுளோரைடு. குளிரெடுத்தால் உருளையை விட்டு வெளியே வராது. சூடான உறை போர்த்திக் கெஞ்ச வேண்டும். ஈரத்தைக் கண்டாலோ வெள்ளைப் புகையாகச் சீறும்.

அதே தொழிற்சாலையில் துப்புரவு வேலைக்கு மனைவியின் தங்கை வந்து சேர்ந்தாள். இரண்டு வருடம் அலைந்து கிடைத்த வேலை. மூன்று மாதம் சோதனைக் காலம், அதற்குள் ஒரு புகார் வந்தாலும் வீட்டுக்குத்தான். முதல் நாளே அவளை நிறுத்தி வைத்துச் சொன்னார்:

"போரானுக்கு எப்பவும் ஒரு குறை. கூட மூணு குளோரின் இருந்தும் பத்தாது. யார் குடுப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கும். தண்ணியைக் கண்டா ஓடிப்போய் ஒட்டிக்கும். அந்த மூணும் சும்மா இருக்குமா? தண்ணியில இருக்கிற ஹைட்ரஜனைக் கூட்டிக்கிட்டு அமிலமாக் கிளம்பிடும்."

"அப்ப போரான், அத்தான்?"

"வெள்ளைப் பொடியா உக்காந்துடும். கேரம் போர்டுல தூவுவோமே, அந்த போரிக் பொடிதான்."

"நம்ம பெரிய மாமா ரெண்டாம் கல்யாணம் பண்ணின கதை மாதிரில்ல இருக்கு!"

சிரித்தாலும் கேட்டுக்கொண்டாள். வாயு அறையில் காய்ந்த துணி மட்டும்தான் என்று தலையாட்டினாள்.

சோதனைக் காலம் முடியப் பத்து நாள் இருக்கும்போது அது நடந்தது. காலையில் காலி உருளையைக் கழற்றிவிட்டு, புது வாஷர் எடுக்க அவர் பக்கத்து அறைக்குப் போனார். திரும்பி வந்தால் உருளையைப் பூட்டும் குழாயின் முனை கண்ணாடி போல மின்னியது. பெண் நன்றாகத்தான் துடைக்கிறாள் என்று அவருக்கு மனசுக்குள் பெருமை. புது உருளையைப் பூட்டி, முகமூடி மாட்டி, வால்வில் கையை வைத்தார்.

"அத்தான், தெறக்காதீங்க!"

வாசலில் அவள். கையில் வாளி. "பழக்கதோஷத்துல ஈரத்துணியால தொடச்சிட்டேன். குழாய்க்கு உள்ளயும் விட்டுத் தொடச்சேன்."

அவர் கை அப்படியே நின்றது. திறந்திருந்தால் குழாய்க்குள்ளேயே அமிலம் பிறந்திருக்கும். வால்வை அரித்திருக்கும். பொடி போய் அடைத்திருக்கும். அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் சட்டைப் பையில் ஏதோ நெஞ்சைக் குத்தியது. தொட்டுப் பார்த்தார். குழாயின் மூடி. உருளையைக் கழற்றிய கையோடு முனையை மூட வேண்டும். இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் மூடியைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தார்.

சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் வந்து நின்றார். "யார் பார்த்த வேலை இது?"

"மூடியைப் போடாம போனது நான் சார். போட்டிருந்தா துணி உள்ள போயிருக்காது. தொடச்சது இவ. ஓடிவந்து சொன்னதும் இவதான். எழுதுறதா இருந்தா மூணையும் எழுதுங்க."

மேற்பார்வையாளர் அவளை ஒரு முறை பார்த்தார், குழாயை ஒரு முறை பார்த்தார். "சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கே அனுப்பியிருப்பேன்" என்றார். மூன்றையும் எழுதினார். நாள் முழுக்கக் குழாயைச் சூடாக்கி, காய்ந்த நைட்ரஜனை விட்டு ஈரத்தை விரட்டினார்கள். மாப்பிள்ளைக்கு வாழ்க்கையில் முதல் எச்சரிக்கைக் கடிதம். அவளுக்கு வேலை நிலைத்தது.

சாயங்காலம் இருவரும் வீட்டுக்கு வந்ததும், அந்தக் கடிதத்தைப் படிக்க மனைவி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

"அங்கயே நில்லு!"

இரண்டு குரல்.

"ஒரு ஆளோட மாரடிச்சது போதாதா?" என்று தங்கையை முறைத்தபடி கையைத் துடைத்தாள் அக்கா. முழங்கை வரைக்கும் துடைத்தாள்.