எடுத்துக்காட்டுக்கு ஒரு வாக்கியம்

அச்சகத்தில் அவருக்குக் ‘காற்புள்ளி’ என்று பெயர். இருபது வருடமாகப் பிழை திருத்துகிறவர். ஒரு காற்புள்ளி விடுபட்டால்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. தன் விஷயத்தில் மட்டும் ஒன்பது வருடமாக ஒரு பெரிய பிழையைத் திருத்தாமல் விட்டு வைத்திருந்தார்.

அவர் மனைவிக்கும் அங்கேதான் வேலை. அவள் கையெழுத்துப் படியை உரக்க வாசிப்பாள். அவர் அச்சுத் தாளில் சரிபார்ப்பார். புள்ளி, கோடு எல்லாவற்றையும் அவள் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். நாள் முழுக்க அப்படி வாசித்தால் எதுதான் மண்டையில் ஏறும்? சமையல் குறிப்பும் இரங்கற்பாவும் அவள் வாயில் ஒரே ராகத்தில்தான் வரும்.

ஒன்பது வருடத்துக்கு முன் அவளுடைய ஒரே தம்பி கல்குவாரித் தண்ணீரில் குதித்துச் செத்தான். பத்தொன்பது வயது. அன்று கூட இருந்தவர்கள் இரண்டே பேர்: இவரும், தம்பியின் சிநேகிதனான தையற்காரனும். தையற்காரன் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தான். இவர்தான், “அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் குதிப்பியாடா மாப்ளே?” என்று சிரித்தார். ரோஷக்காரப் பையன், குதித்துவிட்டான். காப்பாற்றப் பாய்ந்ததும் தையற்காரன்தான். சொட்டச் சொட்ட நின்றவனைப் பார்த்து, இவனே இறக்கிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. அவன் நடந்ததைச் சொன்னான். “தப்பிக்கறதுக்கு மாமா மேல பழி போடுறான் பாரு” என்றார்கள். மாமாவான இவர் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன சொல்வது?

இந்த வருடம் ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி அச்சுக்கு வந்தது. அதில் ‘எக் ஆன்’ (egg on) என்று ஒரு வினை. முட்டைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லையாம். வடகடலோரத்து மக்களின் பழைய மொழியில் அது கத்தியின் விளிம்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாம். ஒருவனை உசுப்பிவிடுவதென்றால் அவனுக்குக் கூர் தீட்டிவிடுவது. தமிழ்ப் பொருள்: ‘கொம்பு சீவிவிடுதல்.’ கையெழுத்துப் படியில் எடுத்துக்காட்டுக்கு இடம் காலியாக இருந்தது. “ஏதாவது ஒண்ணு நீங்களே எழுதிடுங்க” என்று பதிப்பாசிரியர் சொல்லிவிட்டார்.

அவர் அந்தக் காலி இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்கு வராதது கைக்கு வந்தது. வீரம் வந்து எழுதினார் என்று நினைக்க வேண்டாம். அவள் வழக்கம்போல் கவனிக்காமல் வாசித்துவிட்டுப் போய்விடுவாள் என்ற நப்பாசையும் பாதி இருந்தது.

மறுநாள் காலை அந்தப் பக்கம் வந்தது. அவள் வாசித்தாள்.

“எடுத்துக்காட்டு, முக்காற்புள்ளி. தையற்காரன் தடுத்தான், அரைப்புள்ளி. மாமா கொம்பு சீவிவிட்டார், அரைப்புள்ளி. பையன் குவாரியில் குதித்தான், முற்றுப்புள்ளி.”

அதே ராகம். அடுத்த சொல்லுக்குப் போனாள். அதற்கடுத்ததற்கும் போனாள். அவருக்கு மூச்சு திரும்பி வந்தது. வந்ததற்காக அவருக்கே அவர்மேல் அருவருப்பாக இருந்தது.

மூன்றாவது சொல்லில் அவள் குரல் நின்றது. தாளைத் திருப்பி, மேலே விரல் வைத்துத் தேடினாள். இந்த முறை உதடு மட்டும் அசைந்தது.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“சும்மா எழுதுனதா?”

“இல்ல. நடந்ததுதான்.”

அவள் அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, மேஜைமேல் வைத்தாள்.

“அந்தத் தையக்காரனோட அம்மாவ ரோட்டுல பாக்கறப்பல்லாம் காறித் துப்பியிருக்கேன்,” என்றாள். “ஒருதரம் முகத்துலயே துப்புனேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. இப்ப போய்க் கால்ல விழலாம்னா, அந்தம்மா போன வருஷமே செத்துப்போச்சே.”