நாலு மணி பஸ்ஸில் என் தம்பியின் கேசட்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மலேசியாவில், பிறை என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். வீடு லூனாஸுக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில். தொழிற்சாலை பஸ் இருட்டு விலகுமுன் எங்களை அள்ளிக்கொண்டு போகும். மாலை நாலு மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டும். முப்பத்தைந்து பெண்கள். தமிழ்ப் பெண்கள்தான் அதிகம், கடைசி இரண்டு வரிசையில் மலாய்ப் பெண்கள்.

அந்த பஸ்ஸில் ஒரு முறை இருந்தது. ஒரு நாளைக்கு ஒருத்தியின் கேசட். காலையில் கொடுத்தால் சாயங்காலம் வரைக்கும் அவள் ராஜ்யம். முப்பத்தைந்து பேர் என்பதால் ஒருத்திக்கு முறை வர ஆறேழு வாரமாகும். அதனால் அவரவர் முறைக்குப் புதுத்துணி எடுப்பதுபோல யோசித்துக் கேசட் எடுத்துவருவார்கள். பெரும்பாலும் சினிமாப் பாட்டு. குத்தும் கும்மாளமுமாகப் போகும்.

பாட்டு சரியில்லையென்றால் தீர்ப்புச் சொல்வது டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் முன்சீட்டு அக்கா. நாற்பது வயதிருக்கும், குரல் மட்டும் நாலு பேருக்குச் சமம். இறங்கும் இடங்களில் கூவுவதும் அவர்தான். யார் லீவு, யார் ஓவர்டைம் என்று தினமும் மாறுவதால், யாராவது கூவினால்தான் டிரைவர் நிறுத்துவார். கூவல் இல்லையென்றால் அந்தச் சாலைப் பிரிவில், நாங்கள் சொல்லும் சிம்பாங்கில், இறங்க ஆளில்லை என்று அர்த்தம்.

இப்போது என் தம்பியைச் சொல்ல வேண்டும். அவன் தோட்டத்து ரப்பர் ஆலையில் ரோலர் மெஷின் ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பான். இரண்டு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு கீபோர்டு வாங்கினான். அதோடு இரண்டு டேப்ரெக்கார்டரை வைத்துக்கொண்டு வேலை முடிந்து வந்து என்னென்னவோ செய்வான். ரோலர் மெஷினின் சத்தத்தைப் பிடித்துவந்து, அதையே திரும்பத் திரும்ப மெதுவாக ஓடவிட்டான். அதன்மேல் கீபோர்டில் தடித்த அடிச்சுரம், அதற்கும் மேலே அவசரமே இல்லாத ஒரு ராகம். நான் பாத்திரம் கழுவும்போது முனகுவதையும் எனக்குத் தெரியாமல் பதிவுசெய்து உள்ளே நுழைத்துவிட்டான். ஏழு பாட்டு. ஒன்றிலும் ஒரு வார்த்தை கிடையாது.

எனக்குக் கோபம் வந்தது. கேட்டபிறகு போய்விட்டது. என் முனகல் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்தச் சமயம் கோயில் ஆர்மோனியத்தைக் கறையான் தின்றுவிட்டது. "தம்பி, ஒங்க கீபோர்ட கோயிலுக்குக் குடுத்துடுங்களேன்" என்று பங்குச் சாமியார் கேட்டுவிட்டார். அப்பாவுக்கும் அதுதான் ஆசை. வீட்டில் சத்தம் குறையும். தம்பி குருத்தோலை ஞாயிறு வரை தவணை வாங்கினான். என்னிடம் வந்து கேசட்டை நீட்டினான்.

"அக்கா, ஒன் மொறைக்கு இத பஸ்ல போடு. என்னுதுன்னு சொல்லாத. யாராவது ஒருத்தர் மறுபடியும் போடுங்கன்னு கேட்டா போதும், நான் விடமாட்டேன். யாரும் கேக்கலன்னா கீபோர்ட கோயிலுக்குக் குடுத்துட்டு சும்மா இருந்துக்கிறேன்."

"சும்மா இருந்து என்னடா பண்ணுவ?"

"பேட்மிண்டன் ஆடுவேன்" என்றான். அவன் முகம் அப்படி ஒன்றும் ஆட்டத்துக்குப் போகிறவன் முகமாக இல்லை.

என் முறை வந்தது. காலையில் கேசட்டைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முதல் பாட்டு ஒரு நிமிஷம் ஓடியது. பிறகு முன்சீட்டு அக்கா திரும்பினார்.

"என்னாடி இது, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சிடுச்சி அக்கா."

"யாரு இந்தப் பொம்பள, முனகிக்கிட்டே இருக்கு? பாவம், வார்த்தைய மறந்துடுச்சு போல."

பஸ்ஸே சிரித்தது. எனக்கு எழுந்துபோய் அவர் கொண்டையைப் பிடித்து ஆட்டலாம்போல இருந்தது. இரண்டாவது பாட்டிலேயே டிரைவரை ரேடியோ போடச் சொல்லிவிட்டார்கள்.

அன்றெல்லாம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டிக்கொண்டிருந்தேன், மனசு ஒட்டவில்லை. நாலு மணிக்கு பஸ் ஏறியபோது டிரைவர்தான், "காலையில ஒன் மொறைய கெடுத்துட்டாங்க, பாவம்" என்று கேசட்டை மறுபடி சொருகினார். எல்லோரும் களைத்திருந்தார்கள். சண்டைபோடவும் தெம்பில்லை. நானும் கண்ணை மூடினேன்.

கண் திறந்தபோது பஸ் லூனாஸ் கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தது. அதுதான் கடைசி நிறுத்தம். முப்பத்தைந்து பேரும் உள்ளேயே இருந்தோம். மலாய்ப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். முன்சீட்டு அக்கா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். டிரைவர் திரும்பிப் பார்த்து அசந்துபோனார்.

"யாரும் கூவலையேன்னு பார்த்தேன். எல்லாரும் ஓவர்டைம் போலன்னு வந்துட்டேன்" என்றார். முப்பத்தைந்து தலை தெரிகிற கண்ணாடி அவர் முன்னால்தான் இருந்தது. அவரும் பாட்டில் லயித்துவிட்டார் என்பதே என் முடிவு.

பிறகு கேட்க வேண்டுமா? வந்த வழியே திரும்பிப் போய் ஒவ்வொரு சிம்பாங்காக இறக்கிவிட வேண்டியதாயிற்று. பிள்ளைகள் பசியோடு காத்திருந்தார்கள், ஒரு மாமியார் ரோட்டுக்கே வந்து நின்றார். எங்கள் தோட்டத்துச் சிம்பாங்கில் தம்பி மோட்டார் சைக்கிளோடு நின்றான், பஸ் காணவில்லையே என்று பதறிப்போய். முன்சீட்டு அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவனையே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒங்க அக்கா எங்கேருந்தோ ஒரு கேசட்டு புடிச்சிக்கிட்டு வந்துருக்கா பாரு! ஒருத்திகூட முழிச்சிருக்கல! அத ஆத்துல போடச் சொல்லு!"

பஸ் போய்விட்டது. தம்பி மோட்டாரைக் கிளப்பவில்லை.

"எல்லாருமா தூங்குனாங்க?"

"எல்லாரும்."

"எத்தனாவது பாட்டுல?"

"எனக்கு எப்படிடா தெரியும்? நானும் தூங்கிட்டேன்."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு நான்தான் வரிந்துகட்டினேன். ஊரே மெய்மறந்து தூங்குகிறதென்றால் அது பாராட்டுதானே என்றேன். "மாத்திர போட்டாலுந்தான் தூக்கம் வருது" என்றான். "மாத்திரைய யாராவது நல்லா இருக்குன்னு சொல்வாங்களா?" அவன்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இரண்டு நாள் கீபோர்டு பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் பென்சிலும் தாளுமாக வந்தான்.

"ஃபேக்டரி கேட்லேருந்து மொத சிம்பாங்குக்கு எத்தன நிமிஷம்?"

"நாப்பதுக்குக் கொஞ்சம் மேல. எதுக்கு?"

"புள்ளைங்க பசியோட நின்னுச்சுன்னு சொன்னியே. கோயிலுக்குக் குடுக்கறதுக்கு முன்னால கேசட்ட சரிபண்ணிட்டு, கீபோர்ட குடுத்துடுறேன்."

ஒருநாள் லீவு போட்டுவிட்டு மோட்டாரில் எங்கள் பஸ்ஸின் பின்னாலேயே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு உட்கார்ந்து கேசட்டை முழுக்கத் திருத்தினான். ஆறு பாட்டை அப்படியே நீட்டினான். ஏழாவதை நாற்பதாம் நிமிஷத்தில் ஆரம்பிக்கும்படி வைத்தான். அதில் ரோலர் மெஷின் வேகம் பிடிக்கும், நடுவில் கோயில் மணி ஒலிக்கும், என் முனகல் முதல்முறையாகக் குரலெடுத்துப் பாடும். அதற்காக என்னைக் கொல்லைப்புறத்தில் நிற்கவைத்து நாலு நாள் பாடவைத்தான்.

என் அடுத்த முறை வந்தது, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை. கீபோர்டை எடுத்துப்போக அன்று மாலை சாமியார் வேன் அனுப்புவதாக இருந்தது. காலையில் நான் கேசட்டை நீட்டியதும் முன்சீட்டு அக்கா கையைக் குறுக்கே வைத்தார்.

"போம்போது வேணாம். வரும்போது போடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலையில நாலு மணிக்கு எந்திரிச்சி சமைக்கிறேன்டி. அன்னிக்குத்தான் நான் ஒழுங்கா தூங்குனேன்" என்றார். அவர்மேல் இருந்த கோபத்தையெல்லாம் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நாலு மணிக்கு நல்ல மழை. பஸ் கிளம்பியது, கேசட் ஓடியது, ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. நான் தூங்கவில்லை, கையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் பஸ் நின்றது. முன்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று சறுக்கி ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. நான் பதறினேன். தம்பியின் கணக்கு முழுக்கப் பாழ்.

நாற்பதாம் நிமிஷம் வந்தது. மெஷின் வேகம் பிடித்தது, மணி அடித்தது, என் குரல் எழுந்தது. மற்ற எல்லோரும் திடுக்கிட்டு விழித்து, கண்ணைத் துடைத்து, பையைத் தோளில் மாட்டி, நடைபாதையில் வரிசையாக நின்றுவிட்டார்கள். "அண்ணே, நிப்பாட்டுங்க!" என்று முன்சீட்டு அக்கா கூவினார். பஸ் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. வெளியே பார்த்தார்கள். வீடுமில்லை, சிம்பாங்குமில்லை, மழையும் லாரியும்தான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இனி கேசட் ஆற்றுக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் நின்றபடியே அந்தப் பாட்டை முடியும்வரை கேட்டார்கள். யாரோ ஒருத்தி காலால் தாளம் போட்டாள். பாட்டு முடிந்தது.

முன்சீட்டு அக்கா பையை இறக்கிவைத்து உட்கார்ந்தார்.

"லாரி இப்போதைக்கு நவுராது. மறுபடியும் மொதல்லேர்ந்து போடுங்கண்ணே."

டிரைவர் கேசட்டைப் பின்னோக்கி ஓட்டினார். அந்தக் கருவியில் அதற்கு நாலைந்து நிமிஷம் பிடிக்கும். கர்ரென்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அத்தனை பேரும் காத்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சளி என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்.

வீட்டுக்குள் ஈரத்தோடு ஓடினேன். தம்பி கீபோர்டைப் போர்வையில் சுற்றி, கயிறு கட்டி, வாசலை ஒட்டி வைத்திருந்தான். மழையில் வேன் இன்னும் வரவில்லை.

"மறுபடியும் போடச் சொன்னாங்கடா."

"யாரு?"

"முன்சீட்டு அக்கா."

அவன் என் முகத்தையே பார்த்தான். நான் பொய் சொல்கிறேனா என்று தேடினான்.

"முழிச்சிக்கிட்டா சொன்னாங்க?"

"ஆமாடா. எல்லாரும் முழிச்சிக்கிட்டு, பைய தோள்ல மாட்டிக்கிட்டு."

தம்பி தரையில் உட்கார்ந்து கயிற்று முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். முடிச்சு இறுகியிருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சாமியாருக்கு என்னக்கா சொல்றது?"

"ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம தூக்கிட்டுப் போவோம், பூசை முடிஞ்சதும் தூக்கிட்டு வருவோம். ஒரு பக்கம் நான் புடிக்கிறேன்" என்றேன்.