நீக்கிய கேபிள் குறிப்பு

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஆறு மணிக்கு ‘இதே நாளில்’ என்று ஒரு குறிப்புப் போடுவேன். ஏரி நிரம்பியது, இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டைக்கு முதல் கம்பெனி பஸ் வந்தது, எல்லாம் என் நோட்டுகளில் தேதியோடு இருக்கும். ஆவணியில் ஒரு வியாழக்கிழமை போட்டது இது: ‘மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் பஞ்சாயத்து போர்வெல்லின் கேபிள் திருடு போனது. பிடிபட்டவன் நம் தெருப் பையன், வயது பதினாறு.’ பெயர் போடவில்லை. அது போதும் என்று நினைத்தேன்.

ஏழு மணிக்கு அந்தப் பையனின் அம்மா வந்துவிட்டார். திருட்டு நடந்த அந்த ஆண்டே இளைஞர் நீதிக் குழுமம் அவனைக் கண்டித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தது. இப்போது பத்தொன்பது வயது. கம்பெனிக்கு ஆள் எடுக்கும் ஒரு கான்ட்ராக்டர் அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். அந்தக் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் என் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். குழுவிலும் இருக்கிறார்.

“ஜட்ஜம்மாவே பேப்பர அழிக்கச் சொல்ட்டாங்கோ. நீ இன்னாத்துக்குண்ணா வெச்சிக்கினு கீற?” என்றார் அந்த அம்மா.

அவர் சொன்னது சரி. பதினெட்டு வயதுக்குள் செய்த இத்தகைய குற்றம் பின்னாளில் வேலைக்குத் தடையாகக் கூடாது, பதிவையும் அழித்துவிட வேண்டும் என்கிறது சட்டம். அந்த வயது வரம்பைக் குறைக்கலாமா என்று வரும் கட்டுரைகளையெல்லாம் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். குழுமம் அழித்ததை நான் மறுபடி உண்டாக்குகிறேன் என்பது மட்டும் அதுவரை தோன்றவில்லை. சட்டத்தைத் திருத்துகிறவர்கள் என்னைப் போன்றவர்களின் நோட்டுகளையும் கணக்கில் எடுக்கலாம். இங்கேகூட மாதத்தையும் களவுபோன பொருளையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

குறிப்பை உடனே நீக்கினேன். மாலையில் பைக் எடுக்க இறங்கிய சூப்பர்வைசர் நின்றார். தென்காசிப் பக்கத்துக்காரர்.

“அண்ணாச்சி, காலைல ஒண்ணு போட்டு அழிச்சிட்டியளே. அந்தப் பய நம்ம லிஸ்ட்ல உள்ளவனா?”

சொல்லக் கூடாது என்று பதில் சொன்னால் ஆமாம் என்றாகிவிடும்.

“அது தப்பான குறிப்பு தம்பி. நம்ம தெருல அப்படி யாரும் இல்ல. விசாரிக்காம எழுதிட்டேன்.”

“ஒங்க நோட்டுலயும் தப்பு வருமாக்கும்” என்று சிரித்தார். வரும் என்றேன். வண்டியைக் கிளப்பினார்.

நம்பினாரா என்று தெரியாது. பட்டியலிலிருந்து யாரையும் நீக்கவில்லை. திங்கட்கிழமை மகன் முதல் ஷிப்ட் பஸ்ஸில் ஏறிப் போனதை அந்த அம்மாவே வந்து சொன்னார். எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை.