தொலைபேசி மேல் ஒரு தலையணை

அந்தக் கறுப்புத் தொலைபேசியின் மேல் ஒரு சின்ன இலவம்பஞ்சுத் தலையணை கிடக்கும். தருமபுரியில் நான் நோயாளிகளின் பெயர் பதியும் வேலைக்குச் சேர்ந்த மருத்துவமனையில், ஜெர்மனியிலிருந்து வந்த சிஸ்டரின் அறையில் இருந்தது அது. யாரிடமாவது மனம்விட்டுப் பேசுவதற்கு முன் தலையணை சரியாக மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பார். வாசலுக்கு நேரே என் மேசை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பார்வை என்னைக் குத்தியது. வழியில் பார்த்து, நம் ஊர் வழக்கப்படி "எங்க போறீங்க சிஸ்டர்?" என்றால், "ஏன் கேக்கறே?" என்பார்; முகம் வெளுத்துவிடும். "சந்தைக்குன்னு ஒரு பொய்யாச்சும் சொல்லலாமில்ல!" என்று கூட்டுகிற அக்கா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் சொன்னபோது என் அம்மாவுக்கும் வரவில்லை. "திருடியாட்டம் பாக்கறவங்ககிட்ட எதுக்குடி வேல? வூட்டுக்கு வந்துரு" என்றாள்.

நின்றுவிடுவது என்றே முடிவு செய்தேன். ஆனால் கேட்காமல் போக மனமில்லை; அவர் அறைக்குப் போனேன்.

"நான் எதத் திருடிட்டேன்னு சிஸ்டர் எப்பப் பார்த்தாலும் என்னையவே பாக்கறீங்க?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். தலையணையைத் தொட்டுப் பார்த்தார். எனக்காக அவர் அதைத் தொட்டது அன்றுதான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் பள்ளிச் சிறுமி. தொலைபேசி ஒட்டுக்கேட்கும் என்று பயந்து வீட்டுக்கு வீடு அதை மூடி வைத்தார்களாம். அவருடைய அப்பா போர்வைக்குள் தலையை நுழைத்து எதிரி நாட்டு வானொலியைக் கேட்பார்; அப்போது அது பெரிய குற்றம். யாரோ காட்டிக் கொடுத்தார்கள். போலீஸ் கூட்டிப்போன அப்பா திரும்பவே இல்லை.

"யாரு சிஸ்டர் சொன்னது?"

"தெரியாது. பக்கத்து வீட்டம்மா தினமும் கேப்பாங்க, எங்க போறீங்க, என்ன சேதின்னு. அவங்களா இருக்கலாம். அம்மா என் அக்காவைச் சந்தேகப்பட்டாங்க. சாகற வரைக்கும் அவ கையால ஒரு வாய் காபி குடிக்கலை. என்னை நம்பினாங்களா? அதுவும் தெரியாது."

"குண்டெல்லாம் விழுந்துச்சா சிஸ்டர்?"

"விழுந்தது. அப்ப எல்லாரும் ஒரே நிலவறையில ஒட்டி உக்காந்திருப்போம். மேல ஏறி வந்த பிறகுதான் பயம்."

நான் வேலையை விடவில்லை. அடுத்த வாரமே சிஸ்டர் தன் நாட்டுக்கே போய்விட்டார். பயணம் முன்பே முடிவானதாம், எனக்கு மட்டும் தெரியாது. என்னை நம்பித்தான் சொன்னாரா, இனி யாரிடம் சொன்னால் என்ன என்ற தைரியத்தில் சொன்னாரா என்று இன்னும் யோசிக்கிறேன்.

இப்போது அந்தத் தொலைபேசி என் மேசையில் இருக்கிறது. தலையணையும்தான். புதிதாக வந்த நர்ஸ் நேற்றுக் கேட்டாள்: "போனுக்கு எதுக்குக்கா தலகாணி? தூங்குதா?"

"சும்மாதான்" என்றேன். அவள் வந்து சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.