மிரியம் மூன்று முறை கேட்டார்

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அழைப்பு வந்தது. மிரியமின் யூத ஆலயத்திலிருந்து ஒரு பெண்மணி. “மிரியம் காலைல போயிட்டாங்க. நாளைக்கே அடக்கம்” என்றார். “மகன் ஜோனாவுக்குச் சொல்லிட்டோம். வர்றதைப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

நம் நூலக வாசிப்பு வட்டத்துக்கு வந்தவர்களுக்கு மிரியமைத் தெரியும். மோசேயின் ஐந்து நூல்களை வாரம் ஒரு பகுதியாக ஓராண்டில் வாசித்து முடிப்பது யூதர் வழக்கம். அந்தந்த வாரப் பகுதியை நமக்கு விளக்குவார். வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் நுழைய மோசே மன்றாடியும் அனுமதி கிடைக்காத பகுதி வந்தபோது, கடவுள் ஏன் மன்னிக்கவில்லை என்று நம்மில் ஒருவர் கேட்டார். “கேட்டா கிடைச்சுடும்னு யார் சொன்னது?” என்றார் மிரியம். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

காரணம் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. பக்கவாதத்தில் விழுந்த அவர் கணவர் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார். இனி பயனில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஒரே மகன் ஜோனா ஹூஸ்டனிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தான். கணவர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், அவன் வந்து சேரும் முன்பே மிரியம் கருவியை நிறுத்தச் சொல்லிவிட்டார். சாகக் கிடப்பவரைப் பற்றி யூதச் சட்ட நூலான தல்மூதில் உள்ள விவாதங்களையெல்லாம் படித்தவர், தெரிந்தே செய்தார்.

யூத நெறிப்படி, மனிதருக்குச் செய்த தவறை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும். அதன் பிறகே, ஆண்டுக்கொரு முறை வரும் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரில் கடவுளின் மன்னிப்பு. அதனால் கணவரின் துக்க வீட்டிலேயே மகனிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு தொலைபேசியில் கேட்டார். அதற்கடுத்த ஆண்டு, ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் இருக்கும் என் தங்கை மாலதி வீட்டுக்கு நான் புறப்பட்டபோது, “நானும் வரட்டுமா? ஜோனா அங்கதான் பக்கத்துல இருக்கான்” என்றார்.

மாலதிதான் கார் ஓட்டினாள். ஜோனா வாசலுக்கு வந்தான். கோபமாக இல்லை, மிகவும் களைத்திருந்தான். மிரியம் மூன்றாம் முறையாக மன்னிப்புக் கேட்டார். அவன் கேட்டுக்கொண்டு நின்றான்.

“அப்பா கையைப் பிடிக்கத்தான் வந்துட்டிருந்தேன், அம்மா. ஃப்ளைட்ல இருந்தேன். நீங்க வெயிட் பண்ணியிருக்கலாம். மன்னிக்கணும்னுதான் நினைக்கிறேன். முடியல. ப்ளீஸ், இனிமே வராதீங்க.”

திரும்பும் வழியில் மாலதி பொறுக்கமாட்டாமல், “கொஞ்சம் டைம் குடுங்க ஆன்ட்டி. எல்லாம் சரியாயிடும்” என்று சொன்னாள்.

“சரியாகாதும்மா” என்றார் மிரியம். “மூணு தடவை கேட்டாப் போதும்னு எங்க சட்டம் சொல்லுது. என் கடமை முடிஞ்சுது.” கொஞ்ச தூரம் போன பிறகு, “எனக்குள்ளதான் ஒண்ணும் முடிஞ்சபாடில்ல” என்றார்.

அடக்கத்துக்கு ஜோனா வரவில்லை. முதல் மண்ணைப் பிள்ளைகள் போடுவார்கள். யூத குருவான ரபி, ஜோனா வரும் வழியைப் பார்த்துச் சிறிது நேரம் நின்றுவிட்டு, மண்வெட்டியை ஆலயத்து முதியவர் ஒருவரிடம் கொடுத்தார். பெற்றோருக்காகப் பிள்ளை சொல்லும் கதீஷ் பிரார்த்தனையையும் அவரே சொன்னார். நானும் மண் போட்டேன். பலகைப் பெட்டியின் மேல் அது விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த வாரமே ஜோனாவை அழைத்தேன். எடுத்தான். “கடைசியில என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?” என்று கேட்டான். கடைசி இரண்டு நாளும் மிரியமுக்கு நினைவே இருக்கவில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை. “இல்லப்பா” என்றேன். போனை வைத்துவிட்டான்.

மிரியமிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு சொல்தான். ஜோனா வரும்வரை காத்திருக்காதது சரியா என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். தல்மூதில் இரு பக்க வாதமும் ஓய்ந்து, தீர்ப்புக் கிடைக்காத இடத்தில் ‘தேய்கு’ என்று எழுதியிருக்கும் என்றார். அப்படியே நிற்கட்டும் என்று பொருள். எலியா தீர்க்கதரிசி ஒருநாள் வந்து அவற்றையெல்லாம் தீர்த்துவைப்பார் என்று நம்புகிறவர்கள் உண்டாம்.

“நீங்க நம்புறீங்களா?” என்றேன்.

“அவர் வரும்போது ஜோனாவும் நானும் ரெண்டு பேருமே இருக்க மாட்டோம்” என்றார் மிரியம்.

தேய்கு.