இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை

சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரியின் மேலிருந்து ரங்கன் விழுந்தபோது, அவன் மனைவி கங்கம்மாள் இருபதடி தள்ளி நின்று கழிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. "காலு எங்க கீது பாரு" என்றான். கால் இருந்த இடத்தில்தான் இருந்தது. அவனுக்குத்தான் அது இருப்பது தெரியவில்லை.

இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூத்திரம் போக ஒரு குழாயும் பையும் மாட்டி, ஒன்றரை மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு என்பது காவாந்தண்டலத்துக்கு வெளியே, இருளர் குடியிருப்பில் ஓர் ஒற்றை அறை. மகள் நதியா அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ரங்கனின் தங்கை பாஞ்சாலி அடுத்த வீட்டில் இருந்தாள். அவளுக்குப் புருஷன் இல்லை, வயல் வேலைதான் பிழைப்பு.

கங்கம்மாள் தனக்குத் தெரிந்த மாதிரி பார்த்துக்கொண்டாள். காலையில் துடைத்துவிடுவாள், துணி மாற்றுவாள், கஞ்சி ஊட்டுவாள். இரண்டாவது மாதம் அவன் முதுகுக்குக் கீழே, எலும்பு முட்டுகிற இடத்தில் தோல் உரிந்து புண்ணாயிற்று. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டாள். ஆறவில்லை. அவனுக்கு அங்கே வலியும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் விஜயராகவன் பைக்கில் வந்தார். உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நடந்த தொழிற்பயிற்சி மையத்துக்கு ஊர் ஊராகப் போய் ஆள் சேர்ப்பது அவர் வேலை. மூன்று மாதப் பயிற்சி. கட்டணம் கிடையாது, பஸ் செலவு உண்டு, மதியச் சாப்பாடு உண்டு. தையல் வகுப்பு நிரம்பிவிட்டது, நோயாளிப் பராமரிப்பு வகுப்பில் மட்டும் இடம் இருக்கிறது, எட்டாவது முடித்திருக்க வேண்டும் என்றார். அந்தக் குடியிருப்புப் பெண்களில் எட்டாவது முடித்தவள் கங்கம்மாள் ஒருத்திதான்.

"படுத்துக்கினு கீறவங்கள எப்டி பாத்துக்கறதுன்னு சொல்லித் தருவாங்களா சார்?" என்று கேட்டாள்.

"அதுதாம்மா படிப்பே."

சேர்ந்துவிட்டாள். வேலைக்குப் போகிற எண்ணமே அப்போது அவளுக்கு இல்லை. புண் ஆற வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பில் இருபத்து நாலு பெண்கள். பாடம் நடத்தியவர் ஏலவார்குழலி, காஞ்சிபுரத்துக்காரர், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டிலில் ஆளுயர ரப்பர் பொம்மை ஒன்று படுத்திருக்கும். முதல் வாரம் முழுக்க அந்தப் பொம்மையைத் திருப்பிப் படுக்க வைப்பதையே சொல்லிக் கொடுத்தார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நோயாளி தூங்கினாலும் சரி, உங்களத் திட்டினாலும் சரி, திருப்பணும்." பிறகு படுக்கைப் புண்ணின் நாலு நிலைகளையும் நாலு படமாகக் காட்டினார். நாலாவது படம் வந்தபோது பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கங்கம்மாள் இரண்டாவது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் வீட்டில் இருந்தது.

அன்றன்றைக்குப் படித்ததை அன்றன்றைக்கே சாயங்காலம் ரங்கனுக்குச் செய்தாள். பழைய புடவைகளைச் சுருட்டி முட்டுக்கொடுத்தாள். குழாயைச் சுத்தம் செய்யக் கற்றாள். உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் புண்ணைக் கழுவினாள். பஸ்ஸை விட்டு இறங்கி அவள் உள்ளே நுழையும்போதே ரங்கன் கேட்பான்.

"இன்னிக்கு இன்னா பாடம்?"

"வாய் சுத்தம் பண்றது."

"பொம்மைக்குப் பண்ணிட்டு வந்து அப்பாலதான் எனக்கா?"

"பொம்மை ஒன்ன மாதிரி பேஜார் பண்ணாது மாமா. வாயத் தொற."

ஏழே வாரத்தில் புண் மூடிக்கொண்டது. அந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்திருந்ததை நதியாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். தன் கல்யாணத்துக்குப் பிறகு நல்ல காலம் எது என்று கேட்டால், கங்கம்மாள் இன்றைக்கும் அந்த மூன்று மாதத்தைத்தான் சொல்கிறாள்.

பயிற்சி முடிகிற வாரத்தில் பேச்சு மாறியது. சென்னையிலிருந்து ஒரு ஏஜென்சி வந்து எல்லார் பெயரையும் எழுதிக்கொண்டு போனது. வீட்டோடு தங்கி நோயாளியைப் பார்க்கிற வேலை, மாதம் இரண்டு நாள் லீவு. கங்கம்மாள் மாட்டேன் என்றாள். விஜயராகவன் வீட்டுக்கே வந்துவிட்டார். இத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்று காட்டினால்தான் மையத்துக்கு அடுத்த வகுப்பு கிடைக்கும், வேலையில் கொஞ்ச நாளாவது நின்றால்தான் சான்றிதழும் கைக்கு வரும் என்றார். சொல்லும்போது அவர் ரங்கனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

அவர் போன பிறகு ரங்கன்தான் ஆரம்பித்தான். "போய்ட்டு வா."

"ஒன்ன யாரு திருப்பறது?"

"பாஞ்சாலி கீறா. பொண்ணு கீது. நீயும் நானும் மூஞ்ச மூஞ்ச பாத்துக்கினு ஒக்காந்தா அரிசி தானா வருமா? அவ படிக்க வாணாமா?"

கங்கம்மாள் இரண்டு நாள் பாஞ்சாலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். பாஞ்சாலி சட்டென்று பிடித்துக்கொண்டாள். சுவரில் ஒரு கடிகாரமும் வாங்கி மாட்டியாயிற்று. "அண்ணி, நடு வயல்ல கீற சொல்லோ மணி எப்டி பாக்கறது?" என்று பாஞ்சாலி கேட்டாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

சென்னையில், அண்ணா நகரில், நாலாவது மாடியில் வேலை. நோயாளி தாமோதரன், எழுபத்தொன்பது வயது, பேங்கில் பெரிய அதிகாரியாக இருந்தவர். பக்கவாதத்தில் பேச்சும் ஒரு பக்கமும் போய்விட்டது. மகள் சுபாஷ்ரீ நல்ல மாதிரி. தட்டு வேறு, டம்ளர் வேறு என்று எதுவும் கிடையாது. அவருக்குக் காற்று மாறி மாறி ஏறி இறங்கும் மெத்தை வாங்கிப் போட்டிருந்தாள். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். கங்கம்மாள் அவரைத் திருப்பும்போதெல்லாம் அதில் நேரம் எழுதி, இடமா வலமா என்று குறித்து, பக்கத்தில் 'க' என்று போடுவாள். ஒரு வேளை தவறியதில்லை. பார்க்க வரும் டாக்டர் அவரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாசக்கணக்கா படுத்திருக்கிறவர் முதுகா இது? குழந்தை முதுகு மாதிரி இருக்கே" என்று சொன்னார். அன்றைக்கு அவளுக்கு ஏலவார்குழலி மேடத்துக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

முதல் இரண்டு மாதம் லீவு கிடைத்தது. போய்ப் பார்த்தாள், முதுகு நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஏஜென்சியில் மாற்று ஆள் இல்லை, அடுத்த மாதம் போங்கள் என்றார்கள். அடுத்த மாதமும் அதையே சொன்னார்கள். "நீங்க போயிட்டா அப்பாவ யாரு பாப்பாங்க கங்கம்மா?" என்று சுபாஷ்ரீ கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படியே ஊருக்குப் போகாமல் ஐந்து மாதம் ஓடியது.

தினமும் சாயங்காலம் போன் பேசுவாள்.

"முதுகு எப்டி கீது மாமா?"

"நல்லா கீது. நீ துன்னியா?"

"பாஞ்சாலி திருப்புறாளா?"

"மணி அடிச்சா மாதிரி வந்துடறா."

வீடியோவில் வரச் சொன்னால் முகத்தை மட்டும் காட்டுவான். ஒருநாள் நதியா, "ம்மா, நைனா தெனிக்கும் ஊதுவத்தி கொளுத்தச் சொல்லுது, ஒரு கட்டு ரெண்டு நாளுதான் வருது" என்றாள். சாமியே இல்லை என்று பேசிக்கொண்டிருந்த மனுஷன் கடைசியில் குலசாமி கன்னியம்மாளைக் கும்பிட ஆரம்பித்துவிட்டானே என்று கங்கம்மாள் சந்தோஷப்பட்டாள். புண்ணைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும் என்று வகுப்பில் படித்தவள்தான். அந்த ஊதுவத்தி எதற்கு என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த ஐந்தாவது மாதக் கடைசியில் நதியா காலையிலேயே போன் செய்தாள். "ம்மா, நைனா குளிருது குளிருதுன்னு நடுங்கிக்கினே கீது. மேலெல்லாம் சுடுது."

கங்கம்மாள் ஏஜென்சியைக் கேட்கவில்லை. சுபாஷ்ரீயிடம் சொல்லிவிட்டு அப்போதே இறங்கிப் பஸ் ஏறினாள். மதியம் இரண்டு மணிக்குக் குடியிருப்புக்கு வந்தாள். வாசலிலேயே வாசனை அடித்தது, ஊதுவத்தியும் அதற்கு அடியில் இன்னொன்றும்.

ரங்கன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "இன்னாத்துக்கு இப்ப வந்த?"

அவள் அவனை ஒருக்களித்துத் திருப்பி, துணியை விலக்கினாள். நாலாவது படம். உள்ளே எலும்பு தெரிந்தது.

பாஞ்சாலி வயலிலிருந்து ஓடி வந்து கதவோரம் நின்றாள். மெல்ல மெல்லத்தான் எல்லாம் வெளியே வந்தது. நடவு ஆரம்பித்ததும் அவளால் காலையிலும் சாயங்காலமும்தான் திருப்ப முடிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நதியா தள்ளிப் பார்ப்பாள், அந்தக் குழந்தைக்கு அவ்வளவு உடம்பைப் புரட்ட வரவில்லை. நாற்றம் வந்ததும் ரங்கனுக்கே தெரிந்துவிட்டது. கங்கம்மாளிடம் சொல்லக் கூடாது என்று இருவரிடமும் கன்னியம்மாள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

"இன்னாத்துக்கு மறைச்ச?" என்று ஆம்புலன்ஸில் கேட்டாள்.

"நீ வந்தா திரும்பிப் போவ மாட்ட. அதுவுமில்லாம, வலிச்சாத்தான சொல்றதுக்கு?"

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுக்காரர். புண்ணைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. "எத்தன மாசமா ஒரே பக்கமா போட்டு வச்சிருந்தீங்க? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும்னு உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

"சொன்னாங்க சார்" என்றாள் கங்கம்மாள்.

விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். வார்டில் அவனுக்கு எல்லாமே அவள்தான் செய்தாள். அவள் விரிப்பு மாற்றுவதையும் அவனைத் திருப்புவதையும் பார்த்த நர்ஸ் ஒருத்தி, "நீங்க ட்ரெய்னிங் எடுத்தவங்களா?" என்று கேட்டாள். ஒன்பதாம் நாள் காலையில், முகம் துடைத்துக்கொண்டிருந்தபோதே ரங்கன் இறந்தான்.

பிணத்தை எடுத்த அன்று பாஞ்சாலி மார்பில் அடித்துக்கொண்டு, "நாந்தான் எங்கண்ணனச் சாவடிச்சேன்" என்று கத்தினாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல கங்கம்மாளுக்கு வாய் வரவில்லை. கருமாதி முடியும்வரை அவளோடு பேசவுமில்லை. அதற்கு மறுநாள் பாஞ்சாலி தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றபோதுதான் பேசினாள். "வயல்ல கீற சொல்லோ மணி எப்டி பாக்கறதுன்னு கேட்ட. நான் சிரிச்சேன்." அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சில நாள் கழித்து விஜயராகவன் பைக்கில் வந்தார். அவருக்கு விஷயம் தெரியாது. கையில் கங்கம்மாளின் சான்றிதழ் இருந்தது. செய்தியைக் கேட்டதும் பைக்கைப் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார். தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒரு போட்டோ எடுக்கணும்மா. சர்ட்டிபிகேட்ட கையில வச்சிக்கினு, வூட்டு வாசல்ல. கம்ப்யூட்டர்ல ஏத்தலைன்னா என்னத்தான் கேப்பாங்க." கங்கம்மாள் தலையைக் கோதிக்கொண்டு வந்து நின்றாள்.

மறுமாதம் அவள் அண்ணா நகருக்கே திரும்பிப் போனாள். வேறு என்ன வேலை தெரியும்? முதல் வேலையாகத் தாமோதரனைத் திருப்பிப் பார்த்தாள். இடையில் வந்தவள் சரியாகத் திருப்பாததால் குதிகால் சிவந்திருந்தது. முதுகு மட்டும் அவள் விட்டுவிட்டுப் போன மாதிரியே வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்த முதுகின் மேல் அப்படியொரு வெறுப்பு வந்தது. நகத்தால் பிறாண்ட வேண்டும் போல இருந்தது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். பேச முடியாத கிழவர் உள்ளே ஏதோ சத்தம் கொடுத்தார். திரும்பி வந்து, குதிகாலுக்குக் கீழே தலையணை வைத்து, இடப்பக்கம் சாய்த்து, தாளில் நேரத்தை எழுதினாள்.

தாமோதரன் அடுத்த வருஷம் போய்விட்டார். கங்கம்மாள் இப்போது பார்ப்பது மூன்றாவது ஆள். மாதக் கடைசியில் மாற்று ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். ஏஜென்சிக்காரர்கள் கத்துகிறார்கள், ஆனால் அவளை விடுவதில்லை. நதியா காஞ்சிபுரத்தில் விடுதியில் தங்கி ஒன்பதாவது படிக்கிறாள். அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

போன மாதம் லீவில் வந்திருந்தபோது பாஞ்சாலி கேட்டாள். "அண்ணி, முட்டி போய்ட்ச்சு. இனிமே சேத்துல குனிய முடியாது. அந்தப் படிப்புல இப்ப அஞ்சாவது படிச்சிருந்தாலும் சேத்துக்கறாங்களாமே?"

கங்கம்மாள் மறுநாள் காலையில் அவளை உத்திரமேரூருக்கு இட்டுக்கொண்டு போனாள். மேஜைக்குப் பின்னால் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாஞ்சாலிக்கு எழுத்து தடுமாறும் என்பதால் விண்ணப்பத்தை கங்கம்மாளே நிரப்பினாள். பெயர், ஊர், சாதிச் சான்று எண், வங்கிக் கணக்கு. கீழே ஒரு கேள்வி இருந்தது. வீட்டில் படுக்கையாக இருப்பவர்கள் யாராவது உண்டா?

"இன்னா கேட்டுக்கீது?" என்றாள் பாஞ்சாலி.

கங்கம்மாள் படித்துச் சொன்னாள். பாஞ்சாலி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கங்கம்மாள் 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவள் விரலைப் பிடித்துக் காட்டினாள். பிறகு இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள், பாஞ்சாலியின் முட்டிக்காக மெதுவாக.